பித்தளைக் கொக்கு

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவனுடைய அக்காதான். வீட்டில் எல்லாரும் அணைக்கப் பார்த்து அணைக்க முடியாமல் விட்டுவிட்ட வாய் அது. துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு அந்த வாய்க்குச் சம்பளமும் கிடைக்க ஆரம்பித்தது. எதிராளியைச் சீண்டுவது அவன் வேலை. சீண்டலில் சிதறி விழுவதைப் பொறுக்கி எடுப்பது மேடத்தின் வேலை.

அன்று காலை இருவரும் சுங்க அலுவலகத்தின் சாம்பிள் அறைக் காப்பாளரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பாளர் உட்காரவில்லை. தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். ரேடியோவின் அக்கா சுங்கத் துறையில் மதிப்பீட்டு அதிகாரி. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சரக்கு எந்த இனம் என்று பார்த்து, அதற்கு எவ்வளவு வரி என்று சொல்கிறவள். கண்ணாடி என்றால் ஒரு வரி, பிளாஸ்டிக் என்றால் ஒரு வரி, பித்தளை என்றால் வேறொரு வரி. தலைவலி எங்கே வருமென்றால், எல்லாவற்றையும் கலந்துகட்டிச் செய்கிற அலங்காரப் பொருட்களில்தான். சிப்பி இறக்கையும் கண்ணாடிக் கண்ணும் உலோகக் காலுமாக ஒரு கொக்கு வந்து நின்றால் அதை எதில் சேர்ப்பது? எந்தப் பொருளை உருவிவிட்டால் கொக்கு கொக்காக இருக்காதோ, அதன் கணக்கில்தான் மொத்தக் கொக்கும் போகும்.

அப்படி ஒரு கண்டெய்னர் நிறையக் கொக்குகள் வந்தன. இறக்குமதி செய்தவர் பிளாஸ்டிக் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா ஒன்றை எடுத்துச் சோதித்துவிட்டு, உடம்பு முழுக்க வார்ப்புப் பித்தளை, கூடுதல் வரி என்று எழுதினாள். அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். அதற்குள் ஜாமீன் தொகை கட்டிச் சரக்கை வெளியே எடுத்துக் கடைகளுக்கு விற்றும் விட்டார். அக்கா சோதித்த கொக்கு மட்டும் சாம்பிள் அறைப் பூட்டுக்குள் இருந்தது. விசாரணையில் அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் குறுக்கே அறுத்தார்கள். காலும் பீடமும் மட்டும்தான் அசல் பித்தளை. உடம்பு பிளாஸ்டிக், உள்ளே மணல், மேலே வெறும் முலாம்.

தான் பார்த்த கொக்கு இது இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்றாள் அக்கா. அந்த அறையின் சாவி காப்பாளர் ஒருவரிடம்தான் உண்டு. இறக்குமதிக்காரரிடம் காசுக்குக் கைநீட்டிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இன்று பிற்பகல் கடைசி விசாரணை. கொக்கு மாறியது என்று முடிவானால் அவர் வேலை போகும், பின்னாலேயே போலீஸும் வரும். மாறவில்லை என்று முடிவானால் அக்காவின் பெயர் போகும்.

அக்காவின் பெயர் என்றால் ரேடியோவுக்கு உயிர். பதினைந்து வருஷ வேலையில் ஒரு பொருளைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவன் அவன். எதற்குடா இதெல்லாம், விடு என்று அவள் தடுத்தும் கேளாமல் மேடத்தை இந்த வழக்கில் இறக்கிவிட்டதும் அவன்தான்.

காப்பாளரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கூடத்து அலமாரியில் இரண்டு குடம், ஒரு செம்பு, ஒரு தட்டு, எல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. ரேடியோவின் கண் அங்கே போனது. கண் போன இடத்துக்கு வாயும் போனது.

"வீட்டுல பித்தளை கொஞ்சம் ஜாஸ்திதான் சார். இதுல எதெல்லாம் முன்னாடி கொக்கா இருந்துச்சு?"

காப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அலமாரியைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மேடம் சாவியைப் பற்றிக் கேட்டார். யாரிடமும் கொடுத்ததில்லை, டீ குடிக்கப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவேன் என்றார் காப்பாளர். அந்தப் பதில் தன் கழுத்துக்கே சுருக்கு என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால் சாவி ஒருநாள் தொலைந்தது என்றாவது சொல்லியிருப்பான்.

"நான் எடுக்கலைங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

தெருவுக்கு வந்ததும் ரேடியோ குஷியாக இருந்தான்.

"ஆளுக்கு எப்படி வேர்த்துச்சு பாத்தீங்களா மேடம்?"

"கரண்ட் இல்ல. எனக்கும்தான் வேர்த்துச்சு."

அதற்கு மேல் மேடம் பேசவில்லை. பேசாத மேடத்தைக் கண்டால் ரேடியோவுக்குக் கொஞ்சம் பயம். ஆட்டோவில் அவன் சொன்ன இரண்டு ஜோக்குக்கும் ஆட்டோக்காரர் மட்டும்தான் சிரித்தார்.

அலங்காரப் பொருள் கடை அது. விளக்கு, பூச்சாடி, கடிகாரம் என்று கால் வைக்க இடமில்லை. மேல் தட்டில் அதே கொக்கு ஜோடி ஜோடியாக நின்றது. மேடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. உள்ளே மணல் அடைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அந்தச் சரக்கில் அவர் வாங்கிய எல்லாமே இப்படித்தான் என்றும், பித்தளை என்று சொல்லி விற்றால் மறுநாளே வாங்கினவர்கள் கடையில் வந்து மானத்தை வாங்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

"அப்ப மாத்தி வைக்கணும்னா வெளியில எங்கயும் தேட வேண்டாம்" என்றான் ரேடியோ. "இங்க வந்து ஒண்ணை வாங்கி, உள்ள வெச்சிட்டு, நல்லதைத் தூக்கிட்டுப் போயிடலாம்."

"ஆமா. மாத்தியிருந்தா, உள்ள இருக்கிறது ஒரு கடைக் கொக்கு" என்றார் மேடம்.

சொல்லிவிட்டுக் கொக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேசையில் கீறல் விழாமல் இருக்க, பீடத்தின் அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. கொக்குக்கு விலையைக் கொடுத்துவிட்டு, துணியின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். துணி வரவில்லை. கத்தி கேட்டு வாங்கிக் கிளறினார். நார் நாராகக் கிழிந்ததே தவிர உரிந்துவரவில்லை. தொழிற்சாலைப் பசை அப்படி இறுகியிருந்தது. மேடம் திருப்தியோடு தலையாட்டினார். எதற்கு என்று ரேடியோவுக்கு விளங்கவில்லை. கொக்கை அவன் கக்கத்தில் கொடுத்துவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

சாம்பிள் அறைக்குள் போக விசாரணை அதிகாரியிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் கதவைத் திறந்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். ஒவ்வொரு தட்டிலும் சீட்டுக் கட்டிய பொருட்கள். கைப்பிடி இல்லாத பெட்டி, பாதி பிரித்த விளக்கு, மூக்கு சுரண்டிய பொம்மை. அதிகாரிகள் எதையும் நம்புவதில்லை. மேல் பூச்சைச் சுரண்டி உள்ளே என்ன என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்கள். அதனால் அந்த அறையில் காயம் படாத பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது.

கொக்கு ஒரு தட்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது. மேடம் பீடம் இருந்த பாதியை எடுத்துக் கவிழ்த்தார். அதே பச்சைத் துணி. ஓரத்தில் நகம் பட்டதுமே அது வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

துணிக்கு அடியில் வெள்ளைப் பசை காய்ந்திருந்தது. நான்கு மூலைக்கும் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு இடையே, கட்டைவிரல் நகம் அளவுக்கு, நேர்க்கோடு போட்ட மாதிரி சுத்தமான ஒரு சுரண்டல். அதற்குள் பித்தளை மின்னியது.

அந்தப் புள்ளிகளை ரேடியோ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பார்த்துவருகிறான். பிய்ந்துபோன செருப்பு, அட்டை கழன்ற புத்தகம், அப்பாவின் கண்ணாடிக் கூடு, வீட்டில் எது உடைந்தாலும் அக்காதான் ஒட்டுவாள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. பசையை அப்பிவைத்தால் பொருள் கெட்டுப்போகும் என்பாள்.

"கடைக் கொக்குல துணி கிழிஞ்சுது, உரியல. இதுல கேக்காமலே உரியுது. ஏன்?" என்றார் மேடம்.

"ஈரம் பட்டிருக்கும் மேடம். பழைய கட்டடம். எலி வேற இருக்கும், சுரண்டியிருக்கும்."

"சுரண்டின எலி பசை போட்டு ஒட்டிட்டும் போச்சா?"

வேறொரு நாளாக இருந்தால் எலியைப் பற்றி அவனிடம் இன்னும் பத்து ஜோக் இருந்திருக்கும். இப்போது ஒன்றும் வரவில்லை. தான் சொன்னது ஜோக் இல்லை, பொய் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

மேடம் அவன் முகத்தைப் பார்க்காமல் கொக்கைப் பார்த்தே பேசினார். மாற்றிவைக்க வருகிற திருடன் அவசரக்காரன். கடைக் கொக்கை வைப்பான், நல்லதை எடுப்பான், போவான். அடித்துணியைப் பிரித்துச் சுரண்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவைக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? உள்ளே என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்தான் சுரண்டுவார். அந்தக் கொக்கைச் சோதித்த அதிகாரி ஒரே ஒருவர்.

"அந்தச் சுரண்டல் இதுலயே இருக்கு. அப்ப இதுதான் முதல் கொக்கு. மாறவே இல்ல. ஆனா ஒட்டினது யாருன்னு எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியாது, ரேடியோ."

தெரியாது என்று அவர் சொன்னது ஒரு கதவு. அதன் வழியாக நழுவிவிடலாம். எலியைத் தொடர்ந்து ஓட்டலாம், பழைய காப்பாளர் மேல் இன்னும் கொஞ்சம் சேற்றை வாரிப் போடலாம், அக்காவின் பெயர் பிழைத்துவிடும். ஒரு நிமிஷம் அவன் அப்படித்தான் நினைத்தான். நினைத்த நிமிஷமே, பளபளக்கிற அலமாரியும் அதைப் பார்த்த அந்த அம்மாளின் முகமும் கண்முன்னால் வந்தன. அவனுக்குக் கூசிப்போனது.

"அது எங்க அக்கா ஒட்டினது மேடம். அவ கை எனக்குத் தெரியும்."

மேடம் துணியை மெதுவாகக் கீழே வைத்தார். விசாரணைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும், இதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றும், ஆனால் அக்காவே சொன்னால் அதற்கு வேறு மதிப்பு என்றும் சொன்னார். போய்ப் பேசு என்று அவனை முன்னால் அனுப்பினார்.

அக்கா விசாரணை அறைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். புடவையை நன்றாக நீவி மடிப்பு வைத்துக் கட்டியிருந்தாள். தம்பியைக் கண்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையில் இருந்த கடைக் கொக்கைக் கவிழ்த்து, கிழிந்த துணியைக் காட்டினான்.

"இது பிரிய மாட்டேங்குது அக்கா. உள்ள இருக்கிறது பிரிஞ்சுடுச்சு."

அவள் கொக்கைப் பார்த்தாள். அப்புறம் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"மூணு இடத்துல சுரண்டணும்டா. தலை, உடம்பு, அடி. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்னைக்கு அடியில மட்டும் சுரண்டினேன்."

"ஏன்?"

"அழகா இருந்துச்சு. அந்த ரூம்ல எல்லாமே மூக்கும் முழியும் பேந்துபோய்க் கிடக்குதே, இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்னு தோணுச்சு. கனமாவும் இருந்துச்சு. பித்தளைன்னு எழுதிட்டேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு சாதாரணத் தப்பு. மேலதிகாரி நாலு வார்த்தை திட்டுவார், கோப்பில் ஒரு குறிப்பு ஏறும், ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அன்று எல்லார் முன்னாலும் கொக்கை அறுத்தபோது இறக்குமதிக்காரரின் ஏஜென்ட் வாய்விட்டுச் சிரித்தான். கற்றுக்கொள்ள வந்திருந்த பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். மாற்றிவிட்டார்கள் என்ற வார்த்தை அப்போது தானாக வாயில் வந்துவிட்டதாம். யாரையும் நினைத்துச் சொல்லவில்லையாம். ஆனால் அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று உடனே யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் அந்தத் துணி ஓரத்தைப் பாத்தப்பவே என் பசைன்னு தெரிஞ்சுடுச்சு. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். அவரை சஸ்பெண்ட் பண்ணதும் வாயே வரல. நீ வேற, எங்க அக்கா தப்பே பண்ண மாட்டான்னு மேடத்தைக் கூட்டிட்டு வந்து நிக்கிற."

ரேடியோவால் அவளைத் திட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் தம்பட்டம் அடித்து அடித்து, ஒரு தப்புக்குக்கூட அவளுக்கு இடம் வைக்காமல் செய்தவன் தானும்தான் என்று பட்டது. காலையில் காப்பாளர் வீட்டில் தான் கேட்டதை அவளிடம் சொன்னான். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்தாள். அவன் கூட வரப் பார்த்தபோது வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, விசாரணை அறைக்கு அவளே நடந்துபோனாள்.

உள்ளே நடந்ததை மேடம்தான் பிறகு சொன்னார். அக்கா உட்காரவில்லையாம். கொக்கு மாறவில்லை, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்காததை மறைக்கப் பொய் சொன்னேன் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டாளாம். வேண்டுமானால் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி வழி காட்டியபோதும், யோசித்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தது என்றாளாம். காப்பாளர் மேல் இருந்த குற்றச்சாட்டை அங்கேயே ரத்து செய்தார்கள். அக்காவைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

காப்பாளர் வெளியே வந்தார். அவரிடம் திரும்பக் கொடுத்த சாவி சட்டைப் பையில் இருந்தது. அவர் சண்டை போடுவார், நாலு அறை விடுவார் என்றுதான் ரேடியோ நினைத்தான். விட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"தம்பி, நீங்க நல்லாப் பேசுறீங்க. என் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிடுங்க. அக்கம்பக்கத்துல நாலு பேர் காதுல விழட்டும். என் வீட்டுக்காரிக்காக இல்ல. அவ ஒருநாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்ல. அவ ஒருத்தி நம்புனதுனாலதான் நான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சேன்."

நானும் வருகிறேன் என்றாள் அக்கா. காப்பாளர் அவளைப் பார்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூவரும் ஒருவருக்கொருவர் நாலடி தள்ளி நடந்தார்கள். வழியெல்லாம் ரேடியோ பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை.

மனைவி கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ தொண்டையைச் செருமினான்.

"அவர் எதையும் எடுக்கலைங்க. எதுவும் மாறவும் இல்ல. தப்பு எங்க அக்கா பேர்ல. காலையில நான் கேட்டது பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க."

அக்கா முன்னால் வந்து, பொய் சொன்னது நான்தான் என்று மாடிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். சொல்லி முடித்துக் கைகூப்பினாள்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவள் வெளுத்துப்போய்க் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"இவங்க காலையில போனதும் நான் வீடு பூராத் தேடினேங்க. பரண்ல ஏறினேன். அரிசி டின்னுக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். உங்க பெட்டியக்கூட விடல."

அதுவரை நிமிர்ந்து நின்ற காப்பாளர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி, அவர் பக்கத்தில் போகவும் முடியாமல் உள்ளே போகவும் முடியாமல் அங்கேயே நின்றாள். மாடியில் இருந்த பெண்கள் துணியை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஏதாவது சொல்லேண்டா என்பது போல அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.